ஓடினால் தேயும், நின்றால் துருப்பிடிக்கும்: பின்பால் மெஷினின் ஆயுள் கணக்கு

விண்டோஸ் எக்ஸ்பி இருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவர்களுக்குப் பின்பால் விளையாட்டை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஸ்டார்ட் மெனுவில் கேம்ஸ் பகுதிக்குப் போனால் ‘ஸ்பேஸ் கேடட்’ என்ற பின்பால் இருக்கும். ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்து விட்டால் பந்து மேலே பாயும். இசட் கீ இடது மட்டை, ஸ்லாஷ் கீ வலது மட்டை. இன்டர்நெட் இல்லாத வீடுகளில் கம்ப்யூட்டர் வாங்கியதற்கு முதல் பலனே இந்த விளையாட்டுதான் என்று சொன்னால் தவறில்லை.

ஆனால் அந்தத் திரைக்குப் பின்னால் ஓர் உண்மையான இயந்திரம் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சுமார் 110 முதல் 130 கிலோ எடை. மேலே கண்ணாடி, உள்ளே பலகை, பலகைக்கு அடியில் நூற்றுக்கணக்கான ஒயர்கள். 80 கிராம் எடையுள்ள எஃகுக் குண்டு அதில் ஓடி, மோதி, துள்ளும். இப்படி நாள் முழுக்க அடி வாங்கும் ஒரு மெஷின் எத்தனை வருடம் தாங்கும்? விளையாட்டு மையத்தில் இருந்தால் எவ்வளவு, வீட்டில் இருந்தால் எவ்வளவு? இதைத் தெரிந்துகொள்வது பின்பால் வாங்குகிறவருக்கு மட்டும் பயன்படுவதல்ல. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவருக்கும் இதில் பாடம் இருக்கிறது.

ஆணி அடித்த பலகையிலிருந்து

திருவிழாக் கடைகளிலும் பொம்மைக் கடைகளிலும் ஆணி அடித்த சின்னப் பலகை ஒன்று விற்பார்கள். ஸ்பிரிங் வைத்த குச்சியை இழுத்து விட்டால் குண்டு மேலே போய், ஆணிகளுக்கு நடுவே தட்டித் தடவி இறங்கி ஏதாவது ஒரு எண்ணில் விழும். இதன் பெயர் பகாடெல். பின்பாலின் பாட்டன் இதுதான். ஸ்பிரிங் குச்சிக்கு மான்டேகு ரெட்கிரேவ் என்பவர் அமெரிக்காவில் 1871ல் காப்புரிமை பெற்றார். 1931ல் காட்லீப் கம்பெனி ‘பேஃபிள் பால்’ என்ற காசு போட்டு ஆடும் பெட்டியை 17.50 டாலருக்கு விற்றது. ஐம்பதாயிரத்துக்கும் மேல் விற்றது என்றால் அதற்கு இருந்த வரவேற்பை நீங்களே கணக்கிடுங்கள்.

அப்போது மட்டை கிடையாது. குண்டை விட்டபின் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். இது சூதாட்டம் என்று சொல்லி 1942ல் நியூயார்க் நகரம் தடை போட்டது. 1976 வரை அந்தத் தடை நீடித்தது. 1947ல் காட்லீப் கொண்டுவந்த ‘ஹம்ப்டி டம்ப்டி’ மெஷினில்தான் மின்சாரத்தால் இயங்கும் ஃபிளிப்பர் என்ற மட்டை வந்தது. அதிர்ஷ்டம் குறைந்து திறமை கூடியது. 1970களின் பிற்பகுதியில் ரிலேக்களின் இடத்தை மைக்ரோபுராசசர் பிடித்தது. 1992ல் வந்த ‘ஆடம்ஸ் ஃபேமிலி’ மெஷின் 20,270 விற்று உச்சம் தொட்டது. அதன்பின் வீடியோ கேம்களின் அலையில் பின்பால் சரிந்தது. மிகப் பெரிய தயாரிப்பாளரான வில்லியம்ஸ் 1999ல் பின்பால் பிரிவையே மூடியது. அதே ஆண்டில் தொடங்கிய ஸ்டெர்ன் பின்பால் இன்றும் புது மெஷின்களைச் செய்து விற்கிறது.

உள்ளே இருப்பது ஒரு கம்ப்யூட்டர்தான்

1990களில் வந்த வில்லியம்ஸ் மெஷினைத் திறந்தால், பின்பக்கத் தலைப்பெட்டியில் சர்க்யூட் போர்டுகள் வரிசையாக இருக்கும். மோட்டரோலா 6809 வகை புராசசர், 2 மெகாஹெர்ட்ஸ் வேகம். நினைவகம் 8 கிலோபைட். நீங்கள் கையில் வைத்திருக்கும் போனில் எடுக்கும் ஒரு போட்டோவைக்கூட அதில் வைக்க முடியாது. ஆனாலும் பலகையில் உள்ள ஸ்விட்ச்சுகளை எல்லாம் ஓயாமல் கவனித்து, எந்த விளக்கை எரிக்க வேண்டும், எந்தக் காயிலுக்கு மின்சாரம் விட வேண்டும் என்று முடிவு செய்வது அந்தச் சிறிய சிப்தான்.

64 ஸ்விட்ச்சுகளுக்கு 64 தனி ஒயர்கள் போடாமல், 8 வரிசை, 8 பத்தி என்று கட்டம் போட்டு 16 ஒயர்களில் வேலையை முடித்திருப்பார்கள். உங்கள் கம்ப்யூட்டர் கீபோர்டும் இதே கட்டமுறையில்தான் எந்தக் கீ அழுத்தப்பட்டது என்று கண்டுபிடிக்கிறது. ஒரு வரிசையில் உள்ள பல கீகள் ஒரே சமயத்தில் வேலை செய்யவில்லை என்றால் கீகள் எல்லாம் கெட்டுவிட்டன என்று அர்த்தமில்லை. பொதுவான ஒரு பாதை அறுந்திருக்கலாம். பின்பால் மெக்கானிக்கும் இப்படித்தான் யோசிப்பார்.

மட்டையை இயக்கும் காயில் ஒரு நல்ல பொறியியல் பாடம். அதில் இரண்டு சுற்றுகள் உண்டு. ஒன்று தடித்த கம்பி. சுமார் 50 வோல்ட்டில் பெரும் மின்னோட்டத்தை இழுத்து மட்டையைச் சட்டென்று தூக்கும். மற்றொன்று மெல்லிய கம்பி. தூக்கிய மட்டையைக் குறைந்த மின்சாரத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். மட்டை உச்சிக்குப் போனதும் ஒரு சின்ன ஸ்விட்ச் திறந்து, முதல் சுற்றின் மின்சாரத்தைக் குறைத்துவிடும். பழைய மெஷின்களில் இந்த ஸ்விட்ச் திறக்காமல் ஒட்டிக்கொண்டால் காயில் சூடேறிப் புகைந்துவிடும். சில ரூபாய் மதிப்புள்ள தகடு ஒன்று வளைந்ததால் காயில், டிரான்சிஸ்டர், ஃபியூஸ் எல்லாம் போகும்.

மையத்தில் இருக்கும் மெஷின் எப்படிச் சாகும்?

விளையாட்டு மையத்தில் இருக்கும் மெஷினுக்கு ஓய்வில்லை. ஆட வருகிறவர் காசு போட்டவர். தோற்ற கோபத்தில் பெட்டியை இடிப்பார், தூக்குவார். அதற்காகவே உள்ளே வளையத்துக்கு நடுவே ஓர் ஊசல் தொங்கவிட்டிருப்பார்கள். அளவுக்கு மீறி ஆட்டினால் ஊசல் வளையத்தைத் தொட்டு ‘டில்ட்’ ஆகி, அந்தப் பந்து போய்விடும்.

இங்கே வரும் பழுதெல்லாம் தேய்மானம். மட்டையின் இணைப்புகளும் குழல்களும் தேயும். குண்டு போகும் தடத்தில் பலகையின் வண்ணம் உரியும். ரப்பர் வளையங்கள் கறுத்து வெடிக்கும். கறுத்த தூசும் இரும்புப் பொடியும் சேர்ந்தால், உருளும் குண்டே உப்புத்தாள் போல் பலகையை அராவும். கீறல் விழுந்த குண்டை மாற்றாமல் விட்டால் ஆயிரக்கணக்கில் செலவழித்து வரைந்த பலகை போய்விடும். குண்டின் விலையோ மிகக் குறைவு.

ஆனால் மையத்து மெஷினுக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. அதைத் தினமும் யாரோ பார்க்கிறார்கள். மெஷின் நின்றால் வருமானம் நிற்கும் என்பதால் உரிமையாளர் கண்ணாடியைத் திறந்து துடைப்பார், பலகைக்கு மெழுகு பூசுவார், எரியாத பல்பை மாற்றுவார். செலவு செய்ய அவருக்குக் காரணம் இருக்கிறது. ஆகவே மையத்தில் பழுது அடிக்கடி வரும். ஆனால் சிறிதாக இருக்கும்போதே பிடிபடும்.

வீட்டில் இருக்கும் மெஷின் எப்படிச் சாகும்?

வீட்டில் வாரத்துக்கு நாலு ஆட்டம் என்றால் அதிகம். பலகை பல வருடங்கள் பளபளப்பாக இருக்கும். அப்படியானால் வீட்டு மெஷின்தான் நெடுநாள் உழைக்கும் என்று நினைப்போம். இங்கேதான் கணக்கு மாறுகிறது. ஓடும் மெஷின் தேய்ந்து கெடும். நிற்கும் மெஷின் ரசாயனத்தால் கெடும்.

முதல் எதிரி பேட்டரி. மெஷினை அணைத்தபிறகும் அதிகபட்ச ஸ்கோரையும் செட்டிங்குகளையும் மறக்காமல் இருக்க, 1990களின் போர்டுகளில் 3 பென்சில் பேட்டரிகளைப் போர்டின் மேலேயே பொருத்தியிருப்பார்கள். 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் வந்த பல போர்டுகளில் சார்ஜ் ஏறும் நிக்கல் காட்மியம் பேட்டரி. இரண்டிலும் உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். இரண்டு மூன்று வருடம் யாரும் பார்க்காமல் விட்டால் பேட்டரி கசிந்து, காரம் போர்டின் செம்புத் தடங்களைப் பச்சையாக அரித்துத் தின்றுவிடும். ஒரு ஆட்டம்கூட ஆடாத மெஷின் இப்படிச் செத்துப்போகும்.

இரண்டாவது, ரப்பர். ஆடினாலும் ஆடாவிட்டாலும் அது காய்ந்து வெடிக்கும். மூன்றாவது, ஈரக்காற்று. ஸ்விட்ச் தகடுகளின் தொடுமுனையில் படலம் படியும். அடிக்கடி தட்டுப்பட்டால் அந்தப் படலம் தானே உரசிப் போகும், சும்மா இருந்தால் கெட்டியாகும். நான்காவது, எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். சூடு ஏற ஏற இதன் ஆயுள் குறையும். 10 டிகிரி குறைத்தால் ஆயுள் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது எலெக்ட்ரானிக்ஸ் படித்த எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘வீட்டுக்கென்றே’ செய்த மலிவான மெஷின்கள் உண்டு. பாலி கம்பெனி 1970களின் நடுவில் ‘ஃபயர்பால்’ போன்ற மெஷின்களின் வீட்டுப் பதிப்பை விற்றது. எடை குறைவு, பாகங்களும் லேசானவை. மையத்துக்குச் செய்த மெஷின்களோடு பாகங்கள் பொருந்தாது. அதனால் மையத்தில் பல்லாயிரம் ஆட்டம் கண்ட அதே காலத்து மெஷினுக்கு இன்றும் ஸ்பேர் கிடைக்கிறது; அடி படாத வீட்டுப் பதிப்புக்குப் போர்டு போனால் கஷ்டம். கடினமாகச் செய்தது என்பதால் மட்டும் ஒரு பொருள் நிலைப்பதில்லை. பலரிடம் இருப்பதும், பாகம் பொதுவாக இருப்பதும் அதைவிட முக்கியம்.

மாமா கேட்ட கேள்வி

என் சொந்த ஊர் கயத்தாறு. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இப்போது நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு ஊரின் அடையாளம் காற்றாலைகள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஆனி, ஆடிக் காற்று எங்கள் ஊரைச் சுழற்றி அடிக்கும். தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் காற்றாலைச் சோதனை நிலையமும் இங்கேதான் இருக்கிறது. ஓர் இயந்திரம் காற்றிலும் தூசியிலும் எவ்வளவு தாங்கும் என்று அளந்து பார்ப்பதே அங்கே வேலை. ஆகவே ‘எத்தனை நாள் உழைக்கும்?’ என்ற கேள்வி எங்களுக்குப் புதிதல்ல.

தூத்துக்குடியில் கடலுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் என் மாமா, கப்பலில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டுத் துறைமுகங்களில் பின்பால் ஆடிப் பழகியவர். போன வருடம் போன் செய்தார். 1990களில் செய்த அமெரிக்க மெஷின் ஒன்றை இறக்குமதி செய்த ஒருவர் விற்கிறாராம், நாலு லட்சம் சொல்கிறாராம். ஓய்வூதியப் பணத்தில் கை வைக்கலாமா என்று அத்தை கேட்கச் சொன்னார்களாம்.

“மருமவனே, ரிலேயும் காயிலும்தானே? கப்பல்ல நான் பாக்காத காயிலா? கெட்டா நானே பாத்துக்கிடுவேன்” என்றார்.

“காயிலை நீங்க பாத்துக்கிடுவீங்க மாமா. போர்டை யார் பாக்கறது? முதல்ல பேட்டரி இருக்கிற இடத்தை மட்டும் கிட்டத்தில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க” என்றேன்.

மேலும் இரண்டு விஷயங்கள் சொன்னேன். ஒன்று, மின்சாரம். அமெரிக்காவில் 115 வோல்ட், நம் வீட்டில் 230 வோல்ட். பல மெஷின்களின் டிரான்ஸ்ஃபார்மரில் இணைப்பை மாற்றிப் போட வழி உண்டு. மாற்றியிருக்கிறதா என்று பார்க்காமல் செருகினால் முதல் நாளே முடிந்துவிடும். இரண்டு, உப்புக்காற்று. உப்பளமும் துறைமுகமும் உள்ள ஊரில் ஜன்னல் கம்பியே வருடம் தவறினால் துருவேறும். திறந்த வராந்தாவில் இந்த மெஷினை வைக்கவே கூடாது.

மூன்றாம் நாள் போட்டோ வந்தது. பேட்டரிப் பெட்டியைச் சுற்றிப் போர்டில் பச்சை படிந்து, கீழே இருந்த சிப்பின் கால்கள் வரை இறங்கியிருந்தது. வெளியே விளக்கெல்லாம் எரிந்து பளிச்சென்றுதான் இருந்தது. மாமா அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “கப்பல்லயும் இப்படித்தான். மேல பெயின்ட் புதுசா இருக்கும், உள்ள கேபிள் பொடிஞ்சு கெடக்கும்” என்றார். மெஷின் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அத்தைக்கு நிம்மதி. புதிதாக வாங்கலாம் என்றாலோ, ஸ்டெர்ன் கம்பெனியின் அடிப்படை மாடலே சுமார் 7,000 டாலர். கப்பல் கூலியும் சுங்க வரியும் தனி.

தேயாத சாஃப்ட்வேர் ஏன் முதலில் போனது?

இப்போது நம் ஸ்பேஸ் கேடட் கதைக்கு வருவோம். சாஃப்ட்வேருக்குக் காயில் இல்லை, ரப்பர் இல்லை, துருவும் ஏறாது. அப்படியானால் அதுதானே சாகாமல் இருக்க வேண்டும்?

1995ல் விண்டோஸ் 95க்கான ‘பிளஸ்!’ தொகுப்பில் இந்த விளையாட்டு வந்தது. பிறகு விண்டோஸ் என்.டி., 2000, எக்ஸ்பி என்று தொடர்ந்தது. கம்ப்யூட்டர்கள் வேகமானபோது ஒரு சிக்கல். எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகப் படத்தை வரைந்து, புராசசர் முழுவதையும் இந்த விளையாட்டே விழுங்கியது. மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென், வினாடிக்கு 100 ஃபிரேம் என்று கட்டுப்படுத்தி அதைச் சரிசெய்தார்.

அடுத்த சிக்கல் 64-பிட்டுக்கு மாற்றும்போது வந்தது. பந்து பேய் போல எல்லாவற்றையும் ஊடுருவிக் கீழே விழுந்ததாக அவரே 2012ல் எழுதினார். வேறொரு கம்பெனி எழுதிய புரோகிராம். உள்ளே விளக்கக் குறிப்புகள் ஏறக்குறைய இல்லை. எங்கே பிழை என்று கண்டுபிடிக்க நேரமில்லாமல் விளையாட்டையே எடுத்துவிட்டார்கள். 2007ல் வெளிவந்த விஸ்டாவில் அது இல்லை. நானும் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் இந்தச் சம்பவம் எனக்கு உறைக்கும். எழுதியவர் போனபின் படிக்க ஆளில்லாத புரோகிராம், துருப்பிடித்த காயிலைவிட மோசம்.

பழைய பின்பால் மெஷினோடு சர்க்யூட் படம் அச்சிட்ட கையேடு கொடுத்தார்கள். எந்த ஒயர் என்ன நிறம், எந்த ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று எல்லாம் அதில் உண்டு. அதனால்தான் தயாரித்த கம்பெனி மூடிய பிறகும் மெஷின்கள் ஓடுகின்றன. அமெரிக்காவில் லாஸ் வேகாசில் உள்ள பின்பால் ஹால் ஆஃப் ஃபேமிலும், கலிபோர்னியாவின் அலமேடாவில் உள்ள பசிபிக் பின்பால் மியூசியத்திலும் பல பத்தாண்டு பழைய மெஷின்களை மக்கள் தொட்டு ஆடலாம்.

ஸ்பேஸ் கேடட்டும் முழுதாக அழியவில்லை. ஓர் ஆர்வலர் பழைய புரோகிராமைப் பின்னோக்கிப் பிரித்து, புரியும் மொழியில் திருப்பி எழுதி 2021ல் வெளியிட்டார். இப்போது லினக்ஸிலும் 64-பிட் விண்டோஸிலும் அது ஓடுகிறது. நிஜ மெஷின்களைக் கம்ப்யூட்டரில் ஆட ‘விஷுவல் பின்பால்’ என்ற இலவச சாஃப்ட்வேர் 2000ம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ‘பின்மேம்’ என்ற துணை சாஃப்ட்வேர், மெஷினுக்குள் இருந்த பழைய புராசசரைப் போலவே நடித்து, அசல் சிப்பில் இருந்த புரோகிராமை இயக்குகிறது. மெஷின் மக்கிப்போனாலும் அதன் மூளை பிழைத்துக்கொள்ளும். அந்தப் புரோகிராம்களுக்குக் காப்புரிமை உண்டு என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

உங்கள் கம்ப்யூட்டருக்கு என்ன பாடம்?

பின்பால் மெஷின் வாங்காதவர்களும் கீழே உள்ளவற்றைச் செய்யலாம்.

1. பேட்டரியைக் கவனியுங்கள். மேசைக் கம்ப்யூட்டரின் மதர்போர்டில் நாணயம் போன்ற 3 வோல்ட் லித்தியம் பேட்டரி ஒன்று இருக்கும். கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போதெல்லாம் தேதியும் நேரமும் பழையதாகக் காட்டினால் அதை மாற்றும் நேரம் வந்துவிட்டது. மிகக் குறைந்த செலவு. ரிமோட், வயர்லெஸ் மவுஸ், கீபோர்டு போன்றவற்றை மாதக்கணக்கில் பயன்படுத்தப் போவதில்லை என்றால் உள்ளே உள்ள பென்சில் பேட்டரிகளைக் கழற்றி வையுங்கள்.

2. பூட்டி வைக்காதீர்கள். ‘பையன் பரீட்சை முடியட்டும்’ என்று கம்ப்யூட்டருக்கு உறை போட்டு மாதக்கணக்கில் மூடி வைப்பது நல்லதல்ல. வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட விடுங்கள். லேப்டாப் என்றால் பேட்டரியை முழுதாகத் தீரவிட்டு வைக்காமல், பாதி சார்ஜில் வையுங்கள்.

3. தூசியும் சூடும். காற்றடி காலத்தில் எங்கள் ஊர் போன்ற இடங்களில் ஃபேனில் ஒரு விரல் தடிமன் தூசி சேரும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். சுவரோடு ஒட்டி வைக்காமல் காற்றுப் போக இடம் விடுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள்.

4. ஃபியூஸில் விளையாடாதீர்கள். ஃபியூஸ் போனால் கையில் கிடைத்த செம்புக்கம்பியைச் சுற்றிவிடுவது நம் ஊர் வழக்கம். ஃபியூஸ் போனது ஓர் எச்சரிக்கை. காரணத்தைக் கண்டுபிடித்து, அதே அளவுள்ள ஃபியூஸைப் போடுங்கள்.

5. கையேட்டையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள். வாங்கும்போதே ‘இந்த மாடலுக்கு ரேம், ஹார்டு டிஸ்க், சார்ஜர் தனியாகக் கிடைக்குமா, கழற்றி மாற்ற முடியுமா?’ என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பலரும் வாங்கும், பாகம் பொதுவாகக் கிடைக்கும் மாடல்தான் நெடுநாள் கூட வரும்.

6. சாஃப்ட்வேருக்கும் ஆயுள் உண்டு. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபரிலும் முடிந்தன. உங்கள் கோப்புகளைப் பல புரோகிராம்களில் திறக்கக்கூடிய பொதுவான வடிவத்தில் சேமியுங்கள். ஒன்றுக்கு இரண்டு இடங்களில் நகல் வையுங்கள்.

7. பழைய பின்பால் ஆட ஆசையா? ‘இலவச பின்பால்’ என்று தேடி முதலில் வரும் விளம்பரத்தைக் கிளிக் செய்து எதையாவது இறக்கிவிடாதீர்கள். அதில் வைரஸ் ஒட்டிக்கொண்டு வரலாம். புரோகிராமை எழுதியவர்களின் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

எந்த மெஷினாக இருந்தாலும், ஆடாமல் பத்திரப்படுத்துவது பராமரிப்பு ஆகாது. ஆடுங்கள், ஆடி முடித்ததும் ஒரு துணியால் துடையுங்கள், வருடத்துக்கு ஒருமுறை உள்ளே திறந்து பாருங்கள். அந்த அரை மணி நேரம்தான் உங்கள் மெஷினின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.